லாஜிக் புரோபா, ஆசிலோஸ்கோப்பா? பழைய ஆர்கேட் போர்டுக்கு எது கைகொடுக்கும்?

பழைய ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம்) போர்டுகளைப் பழுது பார்க்க இறங்குகிறவருக்கு மல்டிமீட்டருக்கு அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி வந்தே தீரும். ஒரு பக்கம் லாஜிக் புரோப்: சிப்பின் காலைத் தொட்டால், அங்கே இருப்பது பூஜ்யமா, ஒன்றா, துடிப்பா என்று விளக்கால் சொல்லும் பேனா போன்ற கருவி. மறுபக்கம் ஆசிலோஸ்கோப்: மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் அலையாக வரையும் கருவி. நான் இரண்டாவதை வாங்கினேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆகவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

புரோபுக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுகிறேன். விலை குறைவு, கைக்கு அடக்கம், போர்டின் 5 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஸ்கோப்பில் கண்ணைத் திரைப்பக்கம் திருப்பும் நொடியில்தான் முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொடும். புரோபில் அந்தத் தொல்லை இல்லை. 1980இல் வந்த பேக்-மேன் போர்டில் 18.432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் கடிகாரத் துடிப்பு ஆறால் வகுபட்டு, 3.072 மெகாஹெர்ட்ஸாக இசட்-80 செயலியின் 6ஆம் காலுக்கு வருகிறதா? 26ஆம் காலில் உள்ள ரீசெட் நிலையாக இருக்கிறதா, நிரல் உறைந்தால் செயலியை மீண்டும் தொடங்க வைக்கும் வாட்ச்டாக் சுற்று அதைத் திரும்பத் திரும்ப இழுத்துவிடுகிறதா? இவற்றைப் பார்க்க புரோப் தாராளமாகப் போதும்.

ஆனால், நாற்பது ஆண்டு பழைய சிப்புகள் எப்போதும் ஒரேயடியாகச் சாவதில்லை. பாதி உயிரோடு இழுத்துக்கொண்டிருப்பவையும் உண்டு. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். இந்தப் போர்டுகளில் நிறைந்திருக்கும் 74 வரிசை டிடிஎல் லாஜிக் சிப்புகளின் உள்ளீட்டுக்கு 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம், 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் ஒன்று. இடைப்பட்ட பகுதி யாருக்கும் சொந்தமில்லை. கெட்டுக்கொண்டிருக்கும் சிப்பின் வெளியீடு கீழே சரியாக இறங்கும். மேலே ஏறும்போது ஒன்றரை வோல்ட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பல புரோப்களில் அப்போதும் துடிப்பு விளக்கு உற்சாகமாக மின்னும். "துடிப்பு இருக்கிறது, சிப் நலம்" என்று நீங்கள் அடுத்ததற்குப் போய்விடுவீர்கள். ஆசிலோஸ்கோப்பில் அந்தக் குட்டையான அலை பார்த்தவுடன் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு சிப்புகள் ஒரே தடத்தில் மல்லுக்கட்டினால் அலையின் நடுவே ஒரு படிக்கட்டு தெரியும். மின்வழங்கியும் அப்படித்தான்: மல்டிமீட்டர் 5 வோல்ட் என்று சாதிக்கும், அதன்மேல் ஏறி ஆடும் சிற்றலையை ஸ்கோப்தான் காட்டும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. நல்ல போர்டிலும், டேட்டா பஸ்ஸை (சிப்புகள் தரவைப் பரிமாறும் பொதுத் தடங்களை) எந்தச் சிப்பும் இயக்காத இடைவெளிகளில், மின்னழுத்தம் நடுவில் மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல 2114 ரேம் சிப்பைப் பிடுங்கிப் போடுவது வீண் வேலை. ஸ்கோப்பின் ஒரு சேனலை (உள்ளீட்டை), ரேமைப் பேச அழைக்கும் சிப் செலக்ட் காலிலும் மற்றொன்றை டேட்டா காலிலும் வையுங்கள். செயலி அதைப் படிக்கும் நேரத்தில், செலக்ட் கீழே இறங்கி ரேம் பேச வேண்டிய கணத்திலும் டேட்டா நடுவிலேயே நின்றால் சந்தேகப்படலாம். அந்தத் தடத்தை அடுத்த சிப்பின் உள்ளீடு இழுத்துப் பிடித்திருக்கவும் கூடும். அதை ஸ்கோப் பிரித்துச் சொல்லாது. இப்படி இரண்டு கால்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால், பேண்ட்வித்தைவிட (ஸ்கோப் காட்டக்கூடிய வேகத்தின் எல்லையைவிட) இரண்டு சேனல் இருப்பது முக்கியம். இந்தப் போர்டுகளின் வேகத்துக்கு 50 மெகாஹெர்ட்ஸே என் கணிப்பில் போதுமானது.

செயலியின் பஸ்ஸில் ஸ்கோப் திணறுவது உண்மை. படத்தின் புள்ளிகளையும் வரிகளையும் எண்ணும் வீடியோ கவுன்டர்களின் அலை ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதால் திரையில் அசையாமல் நிற்கும். நிரல் ஓடும் பஸ்ஸில் எல்லாம் கலங்கித் தெரியும். அங்கே பல தடங்களை ஒரே நேரத்தில் பதிவு செய்யும் லாஜிக் அனலைசர் மேல். ஆனால் அதுவும் பூஜ்யம், ஒன்று என்று மட்டும் பதிவு செய்வதால், புரோபின் குறை அதற்கும் உண்டு. செயலியைக் கழற்றிவிட்டு அந்தச் சாக்கெட்டில் செருகும் ஃப்ளூக் 9010ஏ போன்ற கருவி, விளையாட்டு ஓடாத நிலையிலும் ரேமையும் ரோமையும் சோதித்துவிடும். அதில் எனக்குப் பழக்கம் குறைவு. தீர்ப்பு சொல்லத் துணியவில்லை.

ஸ்கோப் வாங்குகிறவர்கள் அதன் முனையை எப்போதும் பத்துக்கு ஒன்று (மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும்) நிலையில் வையுங்கள். ஒன்றுக்கு ஒன்றில் அதன் சுமையே கிரிஸ்டலை நிறுத்திவிடக்கூடும். சாதாரண ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் மின் இணைப்பின் எர்த்தோடு சேர்ந்தது. வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மானிட்டர் சேசிஸில் (மானிட்டரின் மின்சுற்றுப் பலகையில்) அதை மாட்டவே கூடாது. போர்டை மட்டும் தனியே மேசையில் வைத்து, தனி மின்வழங்கியில் ஓட்டிப் பாருங்கள்.