புகாக்கி ஏரிக்கு எந்தப் பக்கம் என்று கேட்காமல் போனோம்

நியூசிலாந்தின் தென் தீவைக் காரில் சுற்றத் திட்டமிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள். நாங்கள் கட்டிய 700 டாலரில் 580 போனது. அதைவிட, அத்தையின் முன்னால் இரண்டு நாள் அசடு வழிய வேண்டியிருந்தது.

ஏப்ரல் கடைசியில் போனோம். நான், கணவர், மாமியார் மூன்று பேர். கிறைஸ்ட்சர்ச்சில் வாடகை கார் எடுத்து, டெகாப்போ ஏரி, மவுண்ட் குக், குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட் என்று ஒரு வாரம். அத்தைக்கு மூட்டுவலி உண்டு, நீண்ட நடை முடியாது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. விடிகாலையில் எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் காபியோடு பனி மலையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பனி மலைதான் மவுண்ட் குக். அதன் அடியில் உள்ள மவுண்ட் குக் கிராமத்தில் தங்குமிடங்கள் கொஞ்சம்தான். எங்கள் தேதிக்கு இருந்தவை கையைக் கடித்தன. அப்போதுதான் ஒரு புக்கிங் தளத்தில் இந்த வீடு கண்ணில் பட்டது. 'மவுண்ட் குக் காட்சிப் பகுதியில் அமைதியான குடில்'. முதல் படத்திலேயே நீல ஏரி, அதன் தலைமாட்டில் வெள்ளை மலை. மவுண்ட் குக் தேசியப் பூங்காவுக்குத் தூரம் 32 கி.மீ. என்று போட்டிருந்தது. மதிப்பீடு ஐந்துக்கு 4.8. ஓர் இரவுக்கு 290 நியூசிலாந்து டாலர், சுத்தம் செய்யும் கட்டணம் 120. இரண்டு இரவுக்குப் பணம் கட்டிவிட்டோம்.

'பகுதியில்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. வீட்டிலிருந்து மலை தெரியும் என்று அவர்கள் எங்கேயும் எழுதவே இல்லை. படித்தவள் நான், அப்படிப் புரிந்துகொண்டதும் நான்தான்.

டெகாப்போவில் 1935இல் கட்டிய அந்தச் சின்னக் கல் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, சாவகாசமாக நாலரை மணிக்குக் கிளம்பினோம். எட்டாம் எண் நெடுஞ்சாலை நல்ல சாலை. நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுகிற நாடு, அதனால் கணவருக்கும் சிரமமில்லை. புகாக்கி ஏரி கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால், வலதுபக்கம் திரும்பச் சொல்லி வழிகாட்டிக் குரல் கேட்டது. திரும்பினால் தார் முடிந்து சரளைக்கல் சாலை. ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. 22 கி.மீ. சரளையில் மெல்ல மெல்ல ஊர்ந்தோம். எதிரில் வந்த ஒரு பிக்அப் வண்டி வாரியடித்த கல்லில் முன்கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல். வாடகை ஒப்பந்தத்தை அப்புறம் எடுத்துப் படித்தோம். தார் போடாத சாலையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு செல்லாது என்று சின்ன எழுத்தில் இருந்தது.

இங்கே வரைபடத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். புகாக்கி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஏரி. மவுண்ட் குக்குக்குப் போகிற 80ஆம் எண் நெடுஞ்சாலை அதன் மேற்குக் கரையோடு போகிறது. எங்கள் வீடு கிழக்குக் கரையில். குறுக்கே பாலம் கிடையாது, பரிசல் கிடையாது. மவுண்ட் குக் கிராமத்துக்குப் போக வேண்டுமென்றால் வந்த சரளையிலேயே திரும்பி, ஏரியின் தென்முனையைச் சுற்றி, மேற்குக் கரையில் 55 கி.மீ. வடக்கே ஏற வேண்டும். மொத்தம் 85 கி.மீ.! தளத்தில் போட்டிருந்த 32 கி.மீ. காக்கைக்கு. சக்கரத்துக்கு இல்லை.

பல தளங்களில் இந்தத் தூரத்தை யாரும் ஓட்டிப் பார்த்துப் போடுவதில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டுக் கணினி சொல்கிற எண் அது. சமவெளியில் பெரிய வித்தியாசம் வராது. ஏரியும் மலையும் ஃபியோர்டும் (மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த பள்ளத்தாக்கு) நிறைந்த நாட்டில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதோடு, பணம் கட்டும்வரை சரியான முகவரியைக் காட்டாமல் வரைபடத்தில் ஒரு வட்டம் மட்டும் போட்டுவைப்பார்கள். எங்கள் வட்டத்தின் பாதி ஏரித் தண்ணீருக்குள் இருந்தது. ஏரிக்கரை வீடு என்று சந்தோஷப்பட்டேன். எந்தக் கரை என்று கேட்கத் தோன்றவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். ஹீட்டர் கிடையாது, விறகு அடுப்பு ஒன்று மட்டும். கூடையில் ஏழு எட்டுக் கட்டைகள். மேற்கொண்டு விறகு வேண்டுமானால் கூடைக்கு 25 டாலர், பணத்தை அங்கேயுள்ள டப்பாவில் போட வேண்டும். அந்த ஊரில் சாலையோரம் முட்டையும் பழமும் வைத்துவிட்டு ஆளே இல்லாமல் விற்பார்கள், காசு போட ஒரு 'நேர்மைப் பெட்டி' இருக்கும். அழகான வழக்கம். குடிலை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரும் தன் விறகு டப்பாவில் அதே சொல்லை எழுதி வைத்திருந்தார்! குழாயில் வந்த தண்ணீர் டீத் தண்ணீர் நிறம். ராத்திரி வெளியே சுழியத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும், காலையில் கார் கண்ணாடியெல்லாம் பனிப்படலம். அத்தை இரண்டு ஸ்வெட்டர், ஷால், அதற்கு மேல் என் மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு படுத்தார். புகார் சொல்லலாம் என்றால் கைப்பேசியில் ஒரு கோடு கூடச் சிக்னல் இல்லை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வானம் இருந்ததே! அந்தப் பிரதேசம் நாலாயிரம் சதுர கி.மீ.க்கும் மேல் பரந்த இருள்வானக் காப்பகம், 2012இல் அறிவித்தார்கள். தெரு விளக்கின் வெளிச்சம் கூட வானத்தைக் கெடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பால்வீதி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கிடந்தது. நடுங்கிக்கொண்டே கால் மணி நேரம் நின்று பார்த்தோம். நட்சத்திரத்துக்கு மட்டும் வீட்டுக்காரர் டப்பா வைக்கவில்லை.

காலையில் திரையை விலக்கிய அத்தை ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏம்மா, மலை எங்கம்மா?" என்றார்.

ஜன்னலுக்கு நேரே ஒரு மேடு, மேடு முழுக்க பைன் மரங்கள். கணவர் உடனே, "மேகம் மறைச்சிருக்கும்மா, கொஞ்ச நேரத்துல தெரியும்" என்றார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அத்தை ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்து முடித்தார். அந்த மௌனத்துக்கு அவர் திட்டியிருக்கலாம்.

அப்புறம்தான் அந்தத் தளத்தின் படங்களைத் திரும்பப் பார்த்தோம். பதினெட்டுப் படங்கள். ஒன்றில்கூட வீடும் மலையும் சேர்ந்து இல்லை. உள்ளே எடுத்த படங்களிலெல்லாம் ஜன்னல் திரை மூடியிருந்தது. ஏரியும் மலையும் தெரிகிற அந்த முதல் படத்தின் ஓரத்தில் வளைந்து போகிற தார்ச்சாலை ஒன்று இருக்கிறது. மேற்குக் கரை நெடுஞ்சாலையேதான், எல்லாரும் காரை நிறுத்திப் படம் எடுக்கிற இடம். எங்கள் வீட்டுப் பக்கம் நாங்கள் தார்ச்சாலையே பார்க்கவில்லை. இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: அறையின் ஜன்னலும் அதற்கு வெளியே தெரியும் காட்சியும் ஒரே படத்தில் இருக்கிறதா? இல்லாவிட்டால் அந்தக் காட்சி அந்த அறைக்குச் சொந்தமில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

4.8 எப்படி வந்தது என்பது அதைவிட வேடிக்கை. விருந்தினர் கருத்துகளைத் தேதியோடு படித்தேன். பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வந்தவர்கள். அங்கே அது கோடைக்காலம், ஒன்பது மணிவரை வெளிச்சம், யாருக்கும் ஹீட்டர் வேண்டாம். மே, ஜூன், ஜூலையில் எழுதியவர்கள் மூன்றே பேர். அவர்களும் திட்டவில்லை, நாசூக்காக எழுதியிருந்தார்கள். 'எளிமையான, பழமை மாறாத இடம்', 'கதகதப்பான உடை கொண்டுபோங்கள்', 'அந்தப் பயணமே ஓர் அனுபவம்'. பணம் கட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் பாராட்டு என்று படித்தேன். எழுதியவர்கள் பாவம், தங்களால் முடிந்தவரை எச்சரித்திருக்கிறார்கள்.

தளத்தின் விதிப்படி உள்ளே நுழைந்து 24 மணி நேரத்துக்குள் புகார் சொல்ல வேண்டும். சிக்னல் இல்லாத வீட்டிலிருந்து எப்படிச் சொல்வது? காலையிலேயே மூட்டை கட்டி, நெடுஞ்சாலைவரை வந்து, ஏரியோரமாகக் காரை நிறுத்திப் படங்களோடு புகார் அனுப்பினோம். வீட்டுக்காரரின் பதில் இரண்டே வரி: தூரம் தோராயமானது, காட்சி வானிலையைப் பொறுத்தது. இரண்டாவது இரவைத் தங்காமல் விட்டது எங்கள் விருப்பமாம், அதனால் அந்தப் பணமும் கிடையாது. நியூசிலாந்தில் 1986ஆம் ஆண்டின் நியாய வணிகச் சட்டம் நுகர்வோரைத் திசைதிருப்பும் விளம்பரத்தைத் தடை செய்கிறது. வக்கீல் இல்லாமலே வழக்கை எடுத்துக்கொள்ளும் தகராறு தீர்ப்பாயமும் உண்டு. ஆனால் ஐந்து நாளில் விமானம் ஏறப்போகிறவர்களுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? கடன் அட்டை வங்கியிடம் முறையிட்டோம். வாதாடி மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது சுத்தம் செய்யும் கட்டணம் 120 மட்டும்.

அன்றிரவு ட்வைசலில் ஒரு சாதாரண மோட்டலில் தங்கினோம், 165 டாலர். நீர்மின் திட்டத் தொழிலாளர்களுக்காக 1968இல் கட்டத் தொடங்கிய ஊர் அது. வேலை முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடுவதாகத்தான் இருந்ததாம், குடியிருந்தவர்கள் போராடி ஊரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் சாவியோடு சின்னப் பாட்டிலில் பால் கொடுத்தார்கள். சூடாக்கும் ஏசி, மெத்தையில் மின்கம்பளி, சோறு வடிக்க ஓர் அடுப்பு. விமான நிலையத்தில் அதிகாரியிடம் பிரித்துக் காட்டிக் கொண்டுவந்திருந்த பருப்புப் பொடி அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அங்கிருந்து மவுண்ட் குக் கிராமம் முழுக்கத் தார்ச்சாலையில் முக்கால் மணி நேரம். மறுநாள் இருட்டிலேயே கிளம்பி, பிளாஸ்க் காபியோடு கிராமத்து வாகன நிறுத்தத்தில் போய் நின்றோம். 3,724 மீட்டர் மலையின் உச்சியில் வெயில் விழுந்தபோது அத்தை மகனைப் பார்த்து, "மேகம் போயிடுச்சாடா?" என்றார்.

அதே பொறியில் மறுபடி விழ இருந்தோம். குயின்ஸ்டவுனில் மூன்று இரவு போட்டிருந்தோம், அங்கிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற ஃபியோர்டுக்குப் போய்வரலாம் என்று. நேர்க்கோட்டில் 70 கி.மீ.தான். சாலையில் கிட்டத்தட்ட 290 கி.மீ., ஒரு வழிக்கே நான்கு மணி நேரம். போய்வர எட்டு மணி நேரம், நடுவில் படகுச் சவாரி, பாதி ஓட்டம் இருட்டில். இந்தத் தடவை முன்கூட்டியே விழித்துக்கொண்டோம். ஓர் இரவை ரத்து செய்து, வழியில் இருக்கும் டெ அனாவ் என்ற ஊருக்கு மாறினோம். அங்கிருந்து மில்ஃபோர்ட் 118 கி.மீ., இரண்டு மணி நேரம். வழியில் மலையைக் குடைந்த 1.2 கி.மீ. ஹோமர் சுரங்கம். பெட்ரோலை டெ அனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அந்தச் சாலையில் பெரும்பகுதிக்குச் சிக்னலும் கிடையாது. குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையை மூடுவதும் உண்டு, காலையில் நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டெ அனாவ் அறையைப் பதிவு செய்யும் முன் அந்த வீட்டம்மாவுக்குத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே நான்கு கேள்வி அனுப்பினேன். உங்கள் வாசலிலிருந்து மில்ஃபோர்டுக்குக் காரில் எத்தனை நிமிடம்? அதில் தார் போடாத சாலை எத்தனை கி.மீ.? அறையைச் சூடாக்க என்ன இருக்கிறது, அதற்குத் தனிக் காசா? கைப்பேசி சிக்னல் கிடைக்குமா? பத்து நிமிடத்தில் நான்குக்கும் பதில் வந்தது. செய்திப் பெட்டியில் கேட்டதற்குக் காரணம் உண்டு. தொலைபேசியில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம், அங்கே எழுதியது சாட்சியாக நிற்கும். பதில் சொல்லாமல் 'கவலைப்படாதீர்கள், அருமையான இடம்' என்று மழுப்புகிறவர்களிடம் நான் பணம் கட்டப் போவதில்லை.

அந்தக் குடில் இன்னும் இருக்கிறதா என்று நேற்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. அதே முதல் படம், அதே 32 கி.மீ. இப்போது ஓர் இரவுக்கு 310 டாலர்.