டையோடா, கண்ணாடிக் குழாயா? வீட்டில் லேசர் மெஷின் கட்டும் முன்

லேசர் வெட்டும் மெஷினை வீட்டிலேயே கட்டப்போவதாக யாராவது சொன்னால், "எதை வெட்டப் போறிய?" என்பதுதான் என் முதல் கேள்வி. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானில் பூ வேலை, சிரட்டையில் பெயர், பனை ஓலையில் எழுத்து, கல்யாண வீட்டுக்கு எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை என்றால் ஒரு மெஷின். கடை வாசலுக்கு அக்ரிலிக் எழுத்து என்றால் அது வேறு மெஷின். இரண்டையும் ஒன்றிலேயே முடிக்கலாம் என்று நம்பிக் காசைப் போட்டவர்கள்தான் பிறகு அரைகுறை மெஷினை விற்க ஆள் தேடுகிறார்கள்.

வீட்டில் கட்ட வழி மூன்று. முதலாவது, பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்துக் கட்டுவது, அதன் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதிலிருந்து கிடைப்பது 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி, கால் வாட் கூடத் தேறாது. மோட்டார் நகரும் தூரம் நாலு சென்டிமீட்டர்தான். கறுப்புக் காகிதம் வெட்டும். பள்ளிக்கூடப் பையன் கற்றுக்கொள்ள நல்லது, அவ்வளவுதான்.

மீதி இரண்டு: 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி தரும் சின்னச் சில்லான டையோடு, 10,600 நானோமீட்டர் ஒளி தரும், கார்பன் டை ஆக்சைடு வாயு அடைத்த கண்ணாடிக் குழாய். குழாய் லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய குமார் படேல் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். சீனப் பெட்டியில் வந்து இறங்கும் சாமானுக்கு நம் ஊர்த் தொடர்பும் கொஞ்சம் உண்டு.

டையோடு வாங்கும்போது முதல் ஏமாற்று வாட் கணக்கில் இருக்கிறது. பெட்டியில் '40 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் உள்ளே போகும் மின்சாரம். வெளியே வரும் ஒளி 5 வாட்டாக இருக்கும். ஒளியின் வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். உண்மையான 10 வாட் டையோடு 3 மில்லி ஒட்டுப்பலகையை மெதுவாக வெட்டிவிடும். சிரட்டை கறுப்பாக இருப்பதால் நீல ஒளியை நன்றாகக் குடிக்கும். ஆனால் வளைவு ஏறி இறங்கும் இடத்தில் ஃபோகஸ் தப்பும், பெயரைச் சின்னதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓலைக்குக் குறைந்த சக்தி, அதிக வேகம். கொஞ்சம் நிதானித்தாலும் ஓலை பொத்துப்போகும்.

டையோடு தோற்கும் இடம் நிறமில்லாத அக்ரிலிக். ஜன்னல் கண்ணாடியில் வெயில் புகுவது போல நீல ஒளி அதற்குள் புகுந்து போய்விடும். கீழே இருக்கும் பலகைதான் கருகும். கறுப்பு அக்ரிலிக் என்றால் வெட்டும். குழாயின் அகச்சிவப்பு ஒளிக்கு இந்த வம்பே இல்லை. 40 வாட் குழாய் 3 மில்லி அக்ரிலிக்கை ஒரே ஓட்டத்தில் வெட்டி, ஓரத்தையும் பாலிஷ் போட்டதுபோல் விடும். வெட்டின் அழகை மட்டும் பார்த்தால் குழாய்க்குத்தான் என் ஓட்டு.

ஆனால் நம் ஊர் வெயிலையும் பார்க்க வேண்டுமே. குழாய்க்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. அதைச் சுற்றி ஓடும் தண்ணீர் 20 டிகிரி அளவில் இருந்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீரே கொதிக்கிறது. தண்ணீரைக் குளிர்விக்க என்று குழாயோடு சேர்த்து விற்கும் சி.டபிள்யூ. 3000 'சில்லர்' உண்மையில் ஃபேன் வைத்த ரேடியேட்டர். அறையின் சூட்டுக்குக் கீழே அதால் இறக்க முடியாது. நமக்கு கம்ப்ரசர் வைத்த 5000 ரகம்தான் வேண்டும், அதன் விலையைக் கேட்டால் பாதிப் பேர் டையோடு பக்கம் திரும்பிவிடுவார்கள். வாளியில் ஐஸ் போடலாம்தான். ஆனால் தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தால் குழாயின் வெளிப்பக்கம் வியர்க்கும், அந்த ஈரத்தில் உயர் மின்னழுத்தம் பொறி தட்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ இருக்கட்டும், குழாய்க்குள் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும்.

அந்த உயர் மின்னழுத்தம் சாதாரணமானதல்ல, 20,000 வோல்ட் வரை போகும். அணைத்த பிறகும் பவர் சப்ளைக்குள் மிச்சம் தங்கியிருக்கும். திருநெல்வேலி டவுனில் பல பழைய வீடுகளில் மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பியே இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் குழாய் மெஷின் வேண்டவே வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்ட பிறகு பேசலாம்.

டையோடு மட்டும் சாதுவா? கண்ணுக்கு அதுதான் பெரிய எதிரி. குழாயின் ஒளியை முகத்துக்கு முன்னால் இருக்கும் பாலிகார்பனேட் மூடியே தடுத்துவிடும். நீல ஒளி நேராக விழித்திரைக்குப் போகும், எவர்சில்வர் தம்ளரில் பட்டுத் தெறித்தாலும் போகும். டையோடு மெஷின்கள் பெரும்பாலும் மூடியில்லாத சட்டங்கள் வேறு. கூடவே தரும், கண்ணில் மாட்டும் ஆரஞ்சுக் கண்ணாடியை நான் நம்ப மாட்டேன். 450 நானோமீட்டருக்கு என்று அளவு குறித்த கண்ணாடி வாங்கி, மெஷினுக்கு ஒரு பெட்டியும் அடித்துவிடுங்கள்.

எவர்சில்வர் என்றதும் பாத்திரக் கடைக்காரர்கள் கேட்பார்கள், பேர் வெட்ட ஆகுமா என்று. 10 வாட் டையோடு கறுப்பாகத் தடம் போடும், ஆழம் வராது. குழாய் லேசர் வெறும் உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடும். அதற்கு ஃபைபர் லேசர் என்று தனி ரகம் இருக்கிறது. அது வீட்டில் கட்டுகிற வேலை அல்ல. கடை அண்ணாச்சி கையில் இருக்கும் அந்தக் கிர்ர்ர் மெஷினே போதும்.

கட்டும் வேலையில் சட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 2020 (20 மில்லி சதுர) அலுமினியக் கட்டை, படிப்படியாகச் சுழலும் நீமா 17 மோட்டார், ஜி.டி.2 பல் பெல்ட், அர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் மெஷினை ஓட்டும் ஜி.ஆர்.பி.எல். மென்பொருள். மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 படி, அதைப் பதினாறாகப் பிரித்து, 20 பல் புல்லி போட்டால் மில்லிமீட்டருக்கு 80 படி. 100 மில்லி சதுரம் வரைந்து இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஜி.ஆர்.பி.எல்.லில் லேசர் மோடை 1-க்கு மாற்றி எம்4 என்ற லேசர் கட்டளையில் ஓட்டினால் திருப்பங்களில் வேகம் குறையும்போது சக்தியும் குறையும், மூலை கருகாது.

குழாய் மெஷினில் இதற்கு மேல் ஒளியைத் திருப்பிவிடும் மூன்று கண்ணாடிகள் வரும். ஒவ்வொன்றின் முன்னாலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு துடிப்பு மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். வெட்டும் தலை கிட்டே இருக்கும்போது விழும் பழுப்புப் புள்ளியும், தூரக் கோடியில் விழும் புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். சட்டம் ஒரு நூல் கோணினாலும் உட்காராது. முழு ஞாயிற்றுக்கிழமையையும் சாப்பிடும் வேலை இது.

புகைக்கும் வழி செய்ய வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயை மேற்குப் பார்த்து வைக்காதீர்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழி வரும் காற்று மொத்தப் புகையையும் திரும்ப உங்கள் அறைக்கே அனுப்பிவிடும். ரெக்சின், பி.வி.சி. இரண்டையும் எந்த லேசரிலும் வைக்கக் கூடாது. வருவது ஹைட்ரஜன் குளோரைடு, நுரையீரலும் போகும், மெஷினும் துருப்பிடிக்கும்.

மின்தடை நாளில் டையோடு மெஷின் இன்வெர்ட்டரிலேயே ஓடும். குழாயும் சில்லரும் சேர்ந்தால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் திணறிவிடும்.

ஆகவே, கட்டிப் பார்க்கும் ஆசைக்கும் மர வேலைக்கும் 10 வாட் டையோடு. அக்ரிலிக்தான் பிழைப்பு என்றால் தனிக் குழாய் வாங்கிக் கட்டாதீர்கள். 40 வாட் ரெடிமேட் பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்தால் அணையும் சுவிட்சும் சரியான எர்த்தும் போட்டுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு அக்ரிலிக் ஆர்டர் மட்டும் வருகிறதா? வரைபடத்தை லேசர் கடையில் கொடுத்துக் கூலிக்கு வெட்டி வாங்கிவிடலாம். அந்தக் கூலி ஒரு சில்லர் விலையைத் தாண்டட்டும், அப்புறம் யோசிப்போம்.