கோணல் ஃப்ரெட், கரகர பெடல்: ஐபனெஸ் ஈ.எச்.பி. 1005 எம்.எஸ். ஒன்பது மாதம் கழித்து

புது பேஸ் கிட்டாரின் பையைத் திறந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா, இதுக்கு மண்டையே இல்லையே?" கொஞ்சம் கிட்ட வந்து பார்த்துவிட்டு இரண்டாவது: "கோடெல்லாம் கோணலா இருக்கு, மாத்திக் குடுப்பாங்களா?"

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். மண்டை இல்லாததற்குக் காரணம் எளிது. ட்யூனிங் குமிழ்களைக் கம்பிகள் உடலில் முடியும் பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள், அதனால் நின்றுகொண்டு வாசிக்கும்போது நெக், அதாவது கழுத்து, தரையைப் பார்த்துச் சரியாது. பழைய பேஸை ஒரு கையால் தாங்கிக்கொண்டே ரெண்டு மணி நேரம் வாசித்த இடது தோளுக்கு இது பெரிய விடுதலை. கோணல் கோடு, அதாவது நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் விஷயம் அவ்வளவு சுலபமாகச் சொல்லி முடிகிற ஒன்றில்லை, காசு போவதே அதற்காகத்தான் என்பதால் அதைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

சாதாரண பேஸில் எல்லாக் கம்பியும் ஒரே நீளம், பெரும்பாலும் 34 அங்குலம். ஐந்து கம்பி கொண்ட இதில் தடித்த பி கம்பி 35 அங்குலம், மெல்லிய ஜி கம்பி 33. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நீளம் என்றாகிவிட்டால் ஃப்ரெட்டுகள் விசிறி மாதிரி விரிந்துதான் ஆகவேண்டும், நெக்கின் நடுவாக்கில் ஒன்று மட்டும்தான் நேராக நிற்கும். வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டு, இதிலும் 24 ஃப்ரெட், ஆனால் வீணை வாசிக்கிற என் அத்தை இதைப் பார்த்துவிட்டு "மெழுகு இளகிடுச்சா?" என்று கேட்டார். புது யோசனையும் இல்லை இது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்த ஆர்ஃபேரியன் என்ற வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட் உண்டு. நம் காலத்தில் ரால்ஃப் நோவாக் என்கிற அமெரிக்கர் 1989-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கனடாவின் டிங்வால் கம்பெனி அவரிடம் உரிமம் பெற்று பேஸில் இதைப் பிரபலமாக்கியது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பெரிய கம்பெனிகளும் இறங்கின, அதனால்தான் என்னைப் போன்றவன் கைக்கு எட்டும் விலையில் இப்போது கிடைக்கிறது.

வாசிக்கக் கஷ்டமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. முதல் நாள் கண்தான் தடுமாறும், விரல் தடுமாறாது. முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் பி கம்பியில் விரல் வைக்கும்போது எப்போதும் போகிற இடத்தைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டவேண்டியிருக்கும். மேலே பன்னிரண்டுக்கு அப்பால் கோணம் மணிக்கட்டின் பக்கம் திரும்பிவிடுவதால் அங்கே பழையதைவிடச் சௌகரியம் என்றே சொல்வேன். மூன்றாம் நாள் நான் அதை மறந்துவிட்டேன். இப்போது நண்பனின் நேர் ஃப்ரெட் பேஸை எடுத்தால் அதுதான் ஏதோ கோணலாகத் தெரிகிறது.

சரி, இந்த ஒரு அங்குலம் என்னதான் செய்கிறது? அதே கம்பி, அதே சுருதி, நீளம் மட்டும் 34-லிருந்து 35 ஆனால் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடும், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால். டிங்வாலின் பல ஐந்து கம்பி மாடல்களில் பி கம்பி 37 அங்குலம், அங்கே 18 சதவீதத்துக்கும் மேல். எதிர்ப்பக்கம் ஜி கம்பி 33-க்குக் குறைந்ததால் இழுவிசையும் கிட்டத்தட்ட 6 சதவீதம் இறங்கி, பெண்ட் பண்ண, அதாவது கம்பியை இழுத்துச் சுருதி ஏற்ற, வழவழவென்று வருகிறது. 6 சதவீதம் கேட்டால் சின்ன எண்தான். வாங்கி முதல் ரெண்டு வாரம், வீட்டில் சின்ன ஆம்பில் சுத்தமான டோனில் வாசித்துக்கொண்டிருந்தபோது, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதுக்குப் போயா இவ்வளவு செலவு பண்ணினோம் என்று உள்ளுக்குள் உறுத்தல்கூட இருந்தது.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைக் காலால் மிதித்துப் போட்டதும்தான் விஷயம் புரிந்தது. சுத்தமான டோனில் எல்லா பேஸும் நல்ல பேஸ்தான். டிஸ்டார்ஷனில்தான் கம்பியின் குட்டு வெளிப்படும்.

நீங்களே பார்க்கலாம். தளர்ந்த பி கம்பி இருக்கிற பேஸில் ட்யூனரைப் போட்டுவிட்டு ஓங்கி ஒரு அடி அடியுங்கள். முள் முதலில் வலதுபக்கம் பாயும், அதாவது சுருதி ஏறும், அப்புறம் மெல்ல வழுக்கி நடுவுக்கு வரும். கம்பி எவ்வளவு தளர்வோ அவ்வளவு பாய்ச்சல். சுத்தமான டோனில் அந்த முதல் கணம் வெறும் 'தொம்' என்று காதைத் தாண்டிப் போய்விடும். டிஸ்டார்ஷன் எல்லாச் சத்தத்தையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கி, அடி ஸ்வரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல் ஸ்வரங்களைப் பெருக்கிக் காட்டுவதால் அதே வழுக்கல் 'ம்ம்யாவ்' என்று ஊளையிடும். போதாததற்கு, தடித்த கம்பியின் விறைப்பினால் அதன் மேல் ஸ்வரங்கள் கணக்குப்படி சரியான இடத்தில் விழாமல் கொஞ்சம் கூர்மையாக விழும், பெடல் அவற்றை ஒன்றோடொன்று முட்டவிட்டு நடுவில் புதுசு புதுசாகக் கலவை ஒலிகளைக் கிளப்பும், கேட்கச் சேறு மாதிரி இருக்கும். என் பழைய 34 அங்குல ஐந்து கம்பியில் பி கம்பியைத் தொட்டாலே டிரம்மர் என்னைத் திரும்பிப் பார்ப்பான். இதில் அதே பெடல், அதே குமிழ் நிலை, அதே 130 தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் 130 பங்கு) கம்பி, திறந்த பி அடித்தால் முதல் அடியிலிருந்தே சுருதி நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு அங்குலத்துக்கான காசு அங்கே வசூலாகிவிட்டது.

டிங்வாலின் என்.ஜி. வரிசை, பெரிஃபரி என்ற மெட்டல் பேண்டில் இருந்த நோலி கெட்குட்டின் பெயரில் வருவது, உள்ளேயே டிஸ்டார்ஷன் பெடல் செய்கிற டார்க்கிளாஸின் ப்ரீஆம்போடு (ஒலியை ஏற்றி இறக்கும் உள் சர்க்யூட்) வருகிறதே, அது ஏன் என்று முன்பு யோசித்ததுண்டு. இப்போது யோசிப்பதில்லை.

இனி பெடல்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன. டார்க்கிளாஸ் பி3கே தான் பெடல் பலகையில் நிரந்தரம். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் சிலி நாட்டுக்காரர் டக்ளஸ் காஸ்ட்ரோ தொடங்கிய கம்பெனி. இதில் முக்கியமானது டிரைவ் குமிழ் அல்ல, ப்ளெண்ட். சுத்தமான சிக்னலைக் கரகரப்போடு வேண்டிய அளவு கலக்க விடுகிறது. பேஸுக்கு இது இல்லாவிட்டால் அடித்தளமே காணாமல் போகும். கிரண்ட் என்ற சுவிட்ச் எவ்வளவு கீழ் ஒலி டிஸ்டார்ஷனுக்குள் போகலாம் என்று தீர்மானிக்கிறது, ஐந்து கம்பிக்காரர்கள் அதைக் குறைவான நிலையிலேயே வைத்துவிட்டு கீழ் ஒலிக்கு ப்ளெண்டை நம்புங்கள். அட்டாக்கை முழுதாகத் தூக்கினால் பிக்கால் அடிக்கும்போது ஸ்பூனால் எவர்சில்வர் தட்டைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது, எனக்கு ஆகாது, மெட்டல்காரர்கள் சிலருக்கு அதுதான் வேண்டும்.

ரேட் (RAT) இரண்டாவது. 70-களின் கடைசியில் மிச்சிகனின் கலமசூவில் பிறந்த கிட்டார் பெடல், ப்ளெண்ட் கிடையாது, ஃபில்டர் குமிழைத் திருப்பத் திருப்ப ட்ரெபிள் குறையும், எப்போதும் தலைகீழாகத் திருப்பி ஏமாறுவேன். குறைந்த கெயினில் விரலால் வாசிக்கும்போது அதன் முரட்டுக் குரல் வேறெதிலும் வராது. மூன்றாவது பேஸ் பிக் மஃப். டூம், ஸ்டோனர் மாதிரி மெதுவான, கனமான மெட்டல் வகைக்கு அபாரம், வேகமான எதற்கும் லாயக்கில்லை, அவ்வளவுதான்.

பெடல் எதற்கு, பேஸ் சுத்தமாக இருந்தால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. திறந்த பி கம்பியின் அடிப்படை அதிர்வு சுமார் 31 ஹெர்ட்ஸ். உங்கள் போன் ஸ்பீக்கரால் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. ஆனால் மேல் ஸ்வரங்கள் வரிசையாகக் கிடைத்தால் இல்லாத அடி ஸ்வரத்தைக் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். அந்த மேல் ஸ்வரங்களைத்தான் டிஸ்டார்ஷன் தருகிறது. தம்புராவில் பிரிட்ஜுக்கும் கம்பிக்கும் நடுவே ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி அந்த 'ரீங்'கைப் பிடிப்பார்களே, ஏறக்குறைய அதே தந்திரம், கொஞ்சம் கெட்ட சகவாசத்தோடு.

பேஸுக்குத் திரும்புகிறேன். கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பார்டொலினி பிக்கப்புகள் சற்று மெத்தென்ற குரல், தனியாகக் கேட்டால் பாதுகாப்பாகத்தான் தோன்றும், பெடலுக்குள் போனால் அதுவே நல்லதாகிறது. ப்ரீஆம்பை நிறுத்திவிட்டு வாசிக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது, அப்போது ட்ரெபிள் குமிழ் சாதாரண டோன் குமிழாக மாறிவிடும். டிஸ்டார்ஷன் போட்டால் நான் எப்போதும் அந்த நிலையில்தான், இல்லாவிட்டால் ப்ரீஆம்பில் ஏற்றிய ட்ரெபிள் எல்லாம் பெடலில் மணல் மாதிரி விழும். ஃப்ரெட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சென்னை உப்புக் காற்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். நெக் மட்டும் ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே நகரும், நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது திருப்பவேண்டிவரும். எந்த பேஸுக்கும் அதுதான்.

செட்டப்புக்கு நான் முதலில் கொடுத்த கடையில், பெயர் வேண்டாம், பி கம்பிக்கு 130 கேட்டால் 125 மாட்டிக் கொடுத்தார்கள். "ஒரே மாதிரிதான் சார்" என்றார் அந்தத் தம்பி. ஒரே மாதிரி இல்லை. அங்குலத்தில் வாங்கிய இறுக்கம் முழுவதையுமே கம்பியில் விட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு நானே மாட்டுகிறேன். இந்த பேஸுக்குச் 34 அங்குல பேஸுக்கான சாதாரண லாங் ஸ்கேல் செட்டே போதும், ரெண்டு பக்கமும் குண்டு வைத்த விசேஷக் கம்பி தேவையில்லை. 37 அங்குலக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, நீளமான செட்டைத் தேடித்தான் வாங்கவேண்டும். மேல்முனையில் பூட்டி இறுக்கிய பிறகுதான் மிச்சத்தை வெட்டவேண்டும், முதலில் வெட்டினால் சுற்றுக் கம்பி உருவிக்கொள்ளும்.

அந்தப் பூட்டுக்கு ஆலன் கீ, அதாவது அறுகோணச் சாவி, வேண்டும். போன மாதம் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் டி கம்பி அறுந்தது, புதுக் கம்பி பையில் இருக்கிறது, கீ வீட்டில். தெருமுனை சைக்கிள் கடைக்கு ஓடினேன். "அண்ணே, அஞ்சு நிமிஷம், இதுல எது சேருதுன்னு பாத்துட்டுத் தந்துடறேன்." அவர் ஒரு கொத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டு, பேஸை மேலும் கீழும் பார்த்து, "ஹேண்டில்பார் எங்க தம்பி?" என்றார். இப்போது ஸ்ட்ராப்பிலேயே ஒரு கீயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.