செஸ்னா 172 கதவு ஜன்னல்: வாங்கினேன், ராவினேன், மாட்டினேன்

எங்கள் விமானம் 1975இல் செய்த செஸ்னா 172. டாலஸுக்கு வடக்கே ஒரு சின்ன விமானத்தளத்தில் நிற்கிறது. எனக்குப் பாதி, ஓய்வுபெற்ற ஓர் அமெரிக்கருக்குப் பாதி. போன வருஷம் இடப்பக்கக் கதவின் ஜன்னல், அதாவது மேலே கீல் வைத்து வெளிப்பக்கமாகத் திறக்கிற ஜன்னல், சாயங்கால வெயில் பட்டால் சிலந்தி வலை கட்டியதுபோல் தெரிய ஆரம்பித்தது.

குற்றவாளி நான்தான். வீட்டுக் கண்ணாடி துடைக்கிற அந்த நீலத் தண்ணீரை இரண்டு வருஷம் அடித்துத் துடைத்திருக்கிறேன். ஆனால் விமான ஜன்னல் கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். அந்தத் தண்ணீரில் இருக்கும் அம்மோனியா பட்டால் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். பெட்ரோல், ஆல்கஹால், அசிட்டோன், தின்னர் எதுவும் ஆகாது. செஸ்னாவின் சர்வீஸ் மேனுவலில் இந்தப் பட்டியல் இருக்கிறது, கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் அதில் உண்டு. எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். "இத்தனை நாளும் இது வழியாப் பார்த்துத்தான் எங்களை இறக்கினீங்களா?" என்றாள் மனைவி.

பட்டறையில் கேட்டேன். 700 டாலர், மூன்று வாரம் என்றார்கள். அமெரிக்க விமான விதிகளில் பகுதி 43 என்று ஒன்று உண்டு. விமானத்தின் கட்டமைப்பையோ கட்டுப்பாட்டு அமைப்புகளையோ தொடாத வரை, பைலட் உரிமம் வைத்திருக்கும் உரிமையாளரே பக்க ஜன்னலை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது அது. சரி, நாமே இறங்குவோம் என்று முடிவு செய்தேன்.

ஹார்டுவேர் கடையில் அக்ரிலிக் தகடு மலிவு. ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன். விமானத்தில் பொருத்தும் பாகம் செஸ்னாவுடையது இல்லையென்றால், பொதுவாக அதற்கு அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் பி.எம்.ஏ. ஒப்புதல், அதாவது பாகம் தயாரிக்கும் அனுமதி, வேண்டும். அந்த ஒப்புதலோடு இந்த ஜன்னல்களைச் செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. ஒன்றை இணையக் கடையில் வாங்கினேன். நான் கேட்டது இடது, வந்தது வலது. திருப்பி அனுப்பும் கூலியையும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். நான்கு மின்னஞ்சலுக்குப் பிறகு இறங்கி வந்தார்கள். கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.

ஜன்னலுக்கு ஐந்துக்கு ஐந்து. ஒரு கீறல் இல்லை, நெளிவு இல்லை, இரண்டு பக்கமும் பாதுகாப்புப் படலம். கடைசி வரை அதை முழுசாக உரிக்காதீர்கள், ஓரத்தில் வேலைக்குத் தேவையான அளவு மட்டும் விலக்குங்கள்.

கழற்றுவது பத்து நிமிஷ வேலை. கீல் பின்களை உருவி, ஜன்னல் அதிகம் திறக்காமல் தடுக்கும் கம்பியை விடுவித்தால் சட்டத்தோடு கையில் வந்துவிடும். சட்டத்தின் இணைப்பில் இருக்கும் ரிவெட்டுகளை டிரில் செய்து எடுத்தால் சட்டம் விரியும், பழைய தகடு வெளியே வரும். அதற்கப்புறம்தான் பாடு. ஐம்பது வருஷத்துப் பசை கருப்பு அல்வாபோல ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் சுரண்டியும் மண்ணெண்ணெய் நனைத்த துணியுமாக அதற்கே ஒரு சனிக்கிழமை மதியம் போனது.

புதுத் தகடு வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக வரும். பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் ராவ வேண்டும். ராவு, வைத்துப் பார், மறுபடி ராவு. நான் பதினோரு தடவை வைத்துப் பார்த்தேன். மெஷினில் அவசரப்பட்டால் அக்ரிலிக் உருகி ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் சின்னப் பிசிறு இருந்தாலும் பின்னால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இறுக்கமாக உட்கார்ந்தால் நல்லது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் எடு என்றார். 60 செ.மீ. அக்ரிலிக் தகடு 40 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும், அலுமினியச் சட்டம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். டெக்சஸ் ஜூலை வெயிலில் இடம் இல்லாத தகடு எங்கே போகும்? விரிசல் விடும்.

அப்புறம் ஓரம் சுற்றி சீலிங் பட்டை, அதன்மேல் மேனுவல் சொல்கிற சீலன்ட், புது ரிவெட். புளிக்காடி வாசம் அடிக்கும் குளியலறை சிலிக்கோனைப் பூசிவிடாதீர்கள், அதில் வரும் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். பதிவேட்டில் தேதி, செய்த வேலை, உரிம எண், கையெழுத்து எழுதியதோடு மொத்தம் ஒன்பது மணி நேரம்.

மறுநாள் பறந்தேன். மேற்கே சூரியன் நேராக முகத்தில் அடிக்கும்போதும் ஓடுபாதை தெளிவாகத் தெரிந்தது. முன்பு காதருகே விசில் அடித்த காற்றும் அடங்கிவிட்டது. இறங்கியதும் பாதிச் சொந்தக்காரரான அந்த அமெரிக்கர் ஹோஸ் பைப்பை எடுத்துக் கதவு முழுக்கத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு வந்தது. ஜன்னல் வழியாக அல்ல, கதவு ஓரத்துப் பழைய ரப்பர் வழியாக. அதற்கு அடுத்த மாதம்.