ஓஎல்இடியா, மினி எல்இடியா? நாள் முழுக்க நியூஸ் ஓடும் வீட்டின் கணக்கு

55 இன்ச் டிவி வாங்கக் கிளம்புகிறவர்கள் கடைசியில் வந்து குழம்பி நிற்பது இந்த இரண்டில்தான். நாங்கள் போன தீபாவளிக்கு மினி எல்இடி எடுத்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஓஎல்இடியும் எட்டியிருக்கும். இருந்தும் வேண்டாம் என்று வைத்ததற்கு வேறு காரணம்.

4கே, எச்டிஆர், ஆப்கள் எல்லாம் இந்த விலையில் எதிலும் உண்டு, அதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. கியூஎல்இடி என்ற பெயரிடம் மட்டும் உஷார். எழுத்து கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் பலர் ஓஎல்இடி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அது பின்னால் விளக்கு எரியும் அதே எல்சிடிதான். நிறத்துக்காக குவாண்டம் டாட் படலம் ஒன்று கூடுதல். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங் இல்லாவிட்டால் அதிலும் இரவுக் காட்சி சாம்பல் பூத்துத்தான் தெரியும். மினி எல்இடியும் எல்சிடிதான். ஆனால் பின்விளக்குகள் பொடிப்பொடியாக, பல பகுதிகளாகப் பிரிந்திருப்பதால் படத்தில் இருட்டான இடத்தில் மட்டும் மங்கிக்கொள்ளும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிந்து தானே அணையும்.

படத்தின் அழகு மட்டும்தான் கணக்கு என்றால் ஓஎல்இடியை எடுங்கள், பேச்சே வேண்டாம். மச்சான் வீட்டில் லைட்டை அணைத்துவிட்டு ஒரு படம் பார்த்தோம். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. ஓரத்தில் தரையில் உட்கார்ந்தவர்களுக்கும் நிறம் வெளுக்கவில்லை. எங்கள் டிவியில் சோபாவின் கடைசியில் உட்கார்ந்தால் வெளுக்கிறது. இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றி லேசாக ஒளி கசிகிறது.

ஆனால் எங்கள் வீட்டு டிவியில் படம் ஓடுவது வாரத்துக்கு ஒரு நாள். மற்ற நேரமெல்லாம் அப்பாவின் நியூஸ், அம்மாவின் சீரியல். எந்தத் தமிழ் நியூஸ் சேனலையாவது ஒலியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். மூலையில் லோகோ, அடியில் ஓடும் செய்திப் பட்டை, அதற்கு மேல் பளீர் சிவப்பில் ‘பிரேக்கிங்’, பக்கத்தில் மணி. பேசுகிறவர்கள் மாறுவார்கள், இவை அசையாது. ஓஎல்இடி பிக்சல்கள் எரிய எரியத் தேயும் கரிமப் பொருள். எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மூலை மட்டும் தினமும் ஒரே லோகோவைப் பிரகாசமாகக் காட்டிக்கொண்டே இருந்தால் அங்கே மட்டும் தேய்மானம் முந்திக்கொள்ளும். சேனலை மாற்றினாலும் அந்த உருவம் நிழலாக நிற்கும். பர்ன்-இன் என்பது இதுதான்.

ஆர்டிங்ஸ் என்ற கனடிய ஆய்வுத்தளம் 2018-இல் ஆறு ஓஎல்இடி டிவிகளை நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. சிஎன்என் ஓடிய திரைகளில் பதிவு தெளிவாகவே விழுந்தது. அது பழைய மாடல், சோதனையும் முரட்டுத்தனமானது. இப்போதைய பேனல்கள் லோகோவைத் தானாக மங்கச் செய்கின்றன, படத்தை அவ்வப்போது துளி நகர்த்துகின்றன. மச்சான் வீட்டுத் திரையிலும் இதுவரை ஒரு கறை இல்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது இரவில் ஓடிடி மட்டும். கேபிள் இணைப்பே கிடையாது. அதை வைத்து எங்கள் வீட்டுக்கு உத்தரவாதம் எடுத்துக்கொள்ள முடியாது.

என் முடிவை உறுதியாக்கியது சுவர் சுவிட்ச். பல ஓஎல்இடிகள் மொத்தமாகச் சுமார் நான்கு மணி நேரம் ஓடியபின், ரிமோட்டில் அணைத்ததும், ஸ்டாண்ட்பையில் சில நிமிடம் தங்களைச் சரிசெய்துகொள்ளும். பிக்சல்களின் தேய்மானத்தை ஈடுகட்டும் வேலை அப்போதுதான் நடக்கும். அதற்குக் கரண்ட் வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? டிவியை அணைத்த கையோடு சுவிட்சையும் அணைப்போம். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்குவோம். “சுவிட்சை அணைக்காதீங்கப்பா” என்று பழைய டிவியிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறேன். “கரண்டு பில்லு நீயா கட்டுறே?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். லட்சம் ரூபாய்ப் பொருளின் ஆயுளை இந்தச் சண்டையை நம்பி ஒப்படைக்க எனக்குத் துணிவு வரவில்லை. திரையில் பதிவு விழுந்தால் பேனலையே மாற்ற வேண்டும், டிவியில் விலை கூடிய பாகமே அதுதான். வாரண்டி அட்டையில் பர்ன்-இன் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கட்டும்முன் படித்துவிடுங்கள்.

மினி எல்இடி பழுதே ஆகாது என்று சொல்ல வரவில்லை. சாதாரண எல்இடி டிவிக்குச் சென்னை ரிச்சி தெருவில் பின்விளக்கு ஸ்ட்ரிப் மாற்றுவதுபோல இதில் மலிவாக முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் வாங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை, அதனால் நீண்டகால உழைப்பைப் பற்றி நான் பேசுவது சரியில்லை. பகல் வெளிச்சத்தில் மட்டும் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது: ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியான கிரிக்கெட் பார்க்க முடிகிறது.

கடையில் ஓடும் டெமோ வீடியோவை நம்பி முடிவு செய்யாதீர்கள். அது அந்தத் திரைக்காகவே எடுத்தது. செட்-டாப் பாக்ஸ் இணைக்கச் சொல்லி, பிக்சர் மோடை விவிடிலிருந்து சினிமாவுக்கு மாற்றி, உங்கள் வீட்டில் ஓடும் சேனலையே போட்டுப் பாருங்கள். எஸ்டி சேனல் என்றால் இரண்டுமே சுமார்தான். இரவில் ஓடிடி மட்டும் பார்க்கிற இரண்டு பேர் வீடு என்றால் யோசிக்காமல் ஓஎல்இடி வாங்கலாம். சுவர் சுவிட்சின் மேல் மட்டும் ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள்.