‘1850 ரோஸ்வுட்’ வட்ட மேசை: கவிழ்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

செட்டிநாட்டுப் பழம்பொருள் வியாபாரி ஒருவர், 1850ஆம் ஆண்டு ஈட்டி (ரோஸ்வுட்) மர மேசை என்று சொல்லி விற்ற ஒற்றைக்கால் வட்ட மேசை பாலிஷுக்காக எங்கள் பட்டறைக்கு வந்தது. மேல்பலகை ஈட்டியே அல்ல. இடித்த வீட்டின் தேக்குக் கதவை அறுத்து, சாயம் ஏற்றி, வேறொரு மேசையின் பழைய காலில் பொருத்தியிருக்கிறார்கள். மரம் நிஜமாகவே பழையது, மேசைதான் புதியது. இந்த மோசடி எளிதில் பிடிபடாததற்கு அதுதான் காரணம்.

முதலில் காட்டிக்கொடுத்தது எடை. குறுக்களவு 120 செ.மீ., கனம் 2.5 செ.மீ. உள்ள பலகை ஈட்டியில் ஏறக்குறைய 24 கிலோ இருக்கும், தேக்கில் 18 கிலோதான். அடுத்து, டேப் வைத்து அளந்தது. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அதனால் நூறு வருடம் கடந்த வட்டப் பலகை குறுக்கே சில மில்லிமீட்டராவது குறைந்து, லேசாக நீள்வட்டமாகியிருக்க வேண்டும். இதுவோ இரண்டு பக்கமும் ஒரே அளவு. கதவாக இருந்தபோதே சுருங்கி முடித்த மரத்தைப் பிறகு வட்டமாக வெட்டினால் அப்படித்தான் வரும்.

கவிழ்த்ததும் மிச்சமும் தெரிந்தது. ஓரத்தில் கீல் பதித்த பள்ளங்களை மரத்தூளும் பசையும் கலந்த மக்கு வைத்து அடைத்திருந்தார்கள். திருகாணிகள் பழையவை, ஒற்றைக்கோட்டுத் தலை. ஆனால் அவை இறங்கிய துளைகள் பளிச்சென்று இருந்தன. இரும்பு பல வருடம் தேக்கில் இருந்தால் துளையைச் சுற்றிக் கறுத்துப் போகும். கூட்டல் குறித் தலையுள்ள திருகாணி 1930களில்தான் வந்தது. அது கண்ணில் பட்டால் பின்னாளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

மரத்தை உறுதி செய்ய, அடிப்பக்கம் மறைவான இடத்தில் பிளேடால் ஒரு நகக்கண் அளவு சுரண்டுங்கள். ஈட்டி என்றால் ஊதா கலந்த பழுப்பும் கறுப்பு ரேகையும் தெரியும். தேக்கு பொன்பழுப்பு, தோல் போன்ற எண்ணெய் வாடை. மேற்புறத்தில் உப்புத்தாள் போட மட்டும் யாரையும் விடாதீர்கள், பழைய அரக்கு பாலிஷ் போனால் திரும்ப வராது.

பில்லில் எழுதியிருந்தது ‘பழைய மேசை 1’, அவ்வளவுதான். அதனால் பணத்தைத் திரும்பக் கேட்டபோது வியாபாரி கைவிரித்துவிட்டார். மர வகை, காலம், மாற்றிய பாகங்கள் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த விலைக்கு வாங்கவே வேண்டாம்.

வெளிநாட்டுக்குத் தாராளமாக அனுப்பலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஈட்டி மரமும் 2017 முதல், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. 1850 என்றும் சொல்லி, தடையில்லாமல் அனுப்பித் தருகிறேன் என்றும் ஒருவர் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.