கலப்புக் காடை முட்டை: 60 வைத்ததில் 41 குஞ்சு

மூன்று தலைமுறையாக வெளியிலிருந்து ஓர் ஆண்கூடச் சேர்க்காமல் என் ஜப்பானியக் காடைகளை வளர்த்து வந்தேன். முட்டை வரத்துக்குக் குறையில்லை, பொரிப்புதான் படுத்துவிட்டது. உடன்பிறப்புகளுக்குள் இணைசேர்ந்தால் கோழியைவிடக் காடை சீக்கிரம் அடி வாங்கும். சரி, புது ரத்தம் வேண்டும் என்று, இரண்டு வம்சங்களைத் தனித்தனியாகக் காத்து ஒன்றின் ஆணை மற்றதன் பெட்டையோடு விடும் ஒரு பண்ணையில் 60 பொரிமுட்டை வாங்கினேன்.

அதே இன்குபேட்டரில் என்னுடைய 40 முட்டையையும் அடையாளம் போட்டு வைத்தேன். 37.5 டிகிரி, 15ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தை ஏற்றினேன், இரண்டுக்கும் ஒரே கவனிப்பு. 17ஆம் நாள் காலையிலேயே கலப்பு முட்டைகளில் ஓடு கொத்தும் சத்தம் கேட்டது, சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டன. கடைசிக் கணக்கு 41. என்னுடையதில் 15தான். மிச்சத்தை உடைத்துப் பார்த்தேன்: மயிர் முழுக்க முளைத்த குஞ்சுகள், மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடாமல் அப்படியே தொங்க, ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. பார்க்கவே மனசு கேட்கவில்லை. இந்தக் கடைசி நேரச் சாவுதான் கலப்பில் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். 60இல் 11 கூமுட்டை. கலப்பின் பலன் உள்ளே வளரும் குஞ்சுக்குத்தான் போகும், கரு கூடுவது தாய் தகப்பனைப் பொறுத்தது. கேட்டபோது ஐந்து பெட்டைக்கு ஓர் ஆண் விட்டதாகச் சொன்னார்கள், மூன்றுக்கு ஒன்று விட்டிருந்தால் இவ்வளவு வீணாகியிருக்காது என்பது என் எண்ணம். மற்றபடி ஒவ்வொரு தட்டிலும் முட்டையிட்ட தேதி எழுதியிருந்தது, எதுவும் ஐந்து நாளைத் தாண்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. தங்க நிறக் காடையில் ஆணும் பெண்ணும் ஜோடியாகக் கேட்டேன், முடியாது என்றார்கள். அந்த நிற மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் கரு ஆரம்பத்திலேயே செத்துவிடும், கால்வாசி முட்டை அப்படியே போகும், அதனால் சாதாரண நிறத்தோடுதான் சேர்க்க வேண்டும் என்று விளக்கினார்கள். விற்றால் போதும் என்று நினைப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இந்த 41ஐயும் தங்களுக்குள்ளேயே சேர விட்டால் கலப்பால் வந்த வீரியம் அடுத்த தலைமுறையிலேயே இறங்கிவிடும். அதனால் இதிலிருந்து பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாவதாக ஒரு வம்சத்து ஆண்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.